தங்கராசு தூரம்

ஒருவர் காதுக்கு எட்டுகிற இடத்திலேயே நின்றுகொண்டு, அவரைப் பற்றியே குசுகுசுவென்று குறை சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்குகிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது கோல்ஃப் வர்ணனை. கிரிக்கெட் வர்ணனையாளர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் திட்டியது ஆட்டக்காரருக்கு ராத்திரி போனைப் பார்த்தால்தான் தெரியும். நானோ தலையில் மைக்கை மாட்டிக்கொண்டு ஆட்டக்காரர்களோடு கூடவே நடக்கிறவள். கொடைக்கானலில் காற்று நின்றுவிட்டால் அடுத்த மேட்டில் ஒருவர் தும்முவதுகூடக் கேட்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில்தான் நான் புறம் பேசுகிறேன். வாத்தியார்கள், வக்கீல்கள், கல்யாண வீட்டில் மைக் பிடிப்பவர்கள் என்று வாயை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள்தானே நாம்.

நான் காணாமப் போகலை

நான் பழனிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால், தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் அடிவாரத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைக் கூப்பிடுவேன். நான் ஒரு குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட எழுந்து நிற்பார். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்த பிறகு, கோல்ஃப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டும் ஒரு சின்னக் கம்பெனி தமிழில் பேச ஆள் தேடியது. குரல் நன்றாக இருக்கிறதென்று என்னை எடுத்துக்கொண்டார்கள். கோல்ஃபில் அந்தக் குரலை வெளியே எடுக்கவே கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதல் நாள், பள்ளங்கிக்காரர் தங்கராசு அடிக்கத் தயாராக நின்றார். பூண்டு விவசாயக் குடும்பம். கேடியாக இருந்து மேலே வந்தவர். கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ இருக்குமே, அந்தக் கேடி இல்லை. ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர். பை தூக்கிய அதே மைதானத்தில் அவர் இப்போது தொழில்முறை ஆட்டக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிய நேரம் பார்த்து, அடிவாரத்துத் தொண்டையில், "பள்ளங்கியைச் சேர்ந்த தங்கராசு அவர்கள்" என்று ஆரம்பித்தேன். பந்து சோலைக்காட்டுக்குள் போய்விட்டது. அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள். எனக்கு அந்தப் புல்லுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. தங்கராசு மட்டும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"நான் காணாமப் போகலைக்கா. இங்கனதான் நிக்கிறேன்."

பேர் வைத்தது

கோல்ஃபுக்குத் தமிழில் வார்த்தைகள் குறைவு. குழி, மணல்பள்ளம், புதர் என்று ஒருமாதிரி சமாளித்துவிடலாம். ஆனால் குறை சொல்லவும் வார்த்தை வேண்டுமே, ஜனங்கள் அதற்குத்தானே பார்க்கிறார்கள். அதனால் நானே பேர் வைக்க ஆரம்பித்தேன். ஓங்கி அடித்தும் பந்து பக்கத்திலேயே விழுந்தால் 'நமுத்த வெடி'. மணலில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தால் 'கிணறு வெட்டுகிறார்'. என் பேர்களுக்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது.

தங்கராசு நெடுந்தூரம் அடிப்பதைப் பார்த்தால் கை தட்டாமல் இருக்க முடியாது. குழிக்குப் பக்கத்தில் வந்தால்தான் அவருக்குப் பதற்றம். ஒரு போட்டியில் மூன்றடி தூரத்தில் நின்று உள்ளே தள்ளவேண்டிய பந்தை அடுத்தடுத்துத் தவறவிட்டார். நான் மைக்கில், "நேயர்களே, இது பக்கமும் இல்லை, தூரமும் இல்லை. இதுதான் தங்கராசு தூரம்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கவனிக்கிற நிலைமையில் நான் இல்லை. என் காதுக்குள், ஒளிபரப்பு வேனில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். ஒளிபரப்பை நடத்துகிற கார்த்திக்கும் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினான்.

"அக்கா, வேற லெவல். இத மட்டும் வெட்டித் தனியா போட்டுர்றேன்."

எட்டாத பூண்டு

கார்த்திக் வெட்டிப் போட்டதை ஊரே பார்த்துவிட்டது என்பது ஞாயிற்றுக்கிழமை சந்தையில்தான் எனக்குத் தெரிந்தது. நான் எப்போதும் மலைப்பூண்டு வாங்குவது தங்கராசுவின் அம்மாவிடம். தரையில் சாக்கை விரித்துக் குவித்து வைத்திருப்பார். நிறுத்துப் போட்ட பிறகு இன்னும் ஒரு கொத்தைப் பையில் திணித்து அனுப்புவது அவர் வழக்கம்.

அன்றைக்கு நான் குனிந்து பையை நீட்டியதும், முன்னால் கிடந்த கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. கடைசிக் கொத்து போகிறவரை நான் பையைப் பிடித்தபடியே நின்றேன். பக்கத்தில் கேரட் விற்றவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். "பூண்டு இல்லையா அத்தை?" என்று கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இருக்கு தாயி. ஒனக்கு எட்டாது. மூணடி தள்ளியில்ல கெடக்கு."

தாடி

இனிமேல் உள்ளூர்க்காரர்களைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். தமிழ் தெரியாதவரைக் குறை சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம். அடுத்த போட்டியில் தோதாக ஒரு புது ஆட்டக்காரர் வந்தார். நெஞ்சு வரைக்கும் தாடி, கறுப்புக் கண்ணாடி, வடநாட்டுக் கேடியோடு பேசுவதெல்லாம் இந்தி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மட்டையை ஆட்டுவார், நிறுத்துவார், தள்ளிப் போவார், மறுபடியும் வருவார். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்று மனம்விட்டுப் பேசினேன். "மாப்பிள்ளை தாலி கட்ட இவ்வளவு யோசித்தால் வந்த ஜனம் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விடும்" என்றேன். இதைவிட மோசமாகவும் சிலது சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, கும்பிட்டார்.

"எங்க ஊரு கன்னிவாடிங்கக்கா. தாடி மட்டுந்தான் வடக்க."

கூக்கால் பஸ்

நம் வாயை விட்டுப் போன வார்த்தை யார் யார் வாயில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் வாழைப்பழத் தோலைக் குப்பைக்கூடையில் வீசி, அது வெளியே விழுந்தால் "தங்கராசு தூரம்" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு விசேஷத்துக்காகக் கூக்கால் போனேன். அங்கே போகிற பஸ்கள் குறைவு என்பதால் மூச்சு விட இடமில்லை. வழியில் டிரைவர் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார். வெளியே நல்ல மழை. கூடையோடு இறங்கிய ஒரு அம்மா, "என்னப்பா, தங்கராசு தூரத்துல நிப்பாட்டிட்ட?" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோல்ஃப் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. தங்கராசு என்று ரத்தமும் சதையுமாக ஒரு ஆள் இருக்கிறார் என்பதும் தெரிந்திருக்காது.

என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தங்கராசுவின் மனைவி சித்ரா. அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளாகவே பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. வருடக் கடைசியில் தரவரிசையில் இடம் கிடைத்தால்தான் அடுத்த வருடம் ஆட முடியுமாம். இல்லையென்றால் மறுபடியும் பை தூக்கத்தான் போகவேண்டும் என்று அவர் சொல்கிறாராம். இப்போதெல்லாம் மூன்றடி என்றாலே கை பந்துக்குப் போகமாட்டேன் என்கிறதாம். ஊர் வரப்போகிற நேரத்தில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் பேர் சொல்லித்தாங்க கூப்பிட்டுக்குவோம். இப்ப நான் தங்கராசுன்னு கூப்பிட்டா அவருக்கு வேற மாதிரி கேக்குது. அதான் கூப்பிடுறதே இல்ல."

மூடுபனி

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. பதிலாக அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். இரக்கப்பட ஆரம்பித்தேன். மழைக்காலத்தில் நடந்த ஒரு போட்டியில் மூடுபனி இறங்கி, குழியில் நட்ட கொடியே தெரியவில்லை. நீல ஸ்வெட்டர் போட்ட ஒருவர் குனிந்தது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தங்கராசுவும் நீலம்தான் போட்டிருந்தார். மட்டை பட்ட சத்தம், பிறகு கூட்டத்தின் "அடடா". நான் குரலில் எவ்வளவு ஈரம் சேர்க்க முடியுமோ அவ்வளவும் சேர்த்து, "பாவம் தங்கராசு, இன்றைக்கும் அதே கதைதான்" என்றேன். எனக்கு ஒரு கை தூரத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் இன்னும் அடிக்கவே இல்லையேக்கா."

மன்னிப்பு

இதற்கு மேல் தாங்காது என்று ஒருநாள் காலையில் அவர் பயிற்சி செய்கிற இடத்துக்கே போனேன். புல்லில் பனி காயவில்லை. ஒரு குழியைச் சுற்றிப் பந்துகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத அந்த நேரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தன. என்னைப் பார்த்ததும் ஒன்று விளிம்பில் பட்டு ஓடியது. அதைப் பார்க்காத மாதிரி நடித்தேன்; நான் நடித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். "என்னங்கக்கா வெள்ளனே வந்துட்டீங்க" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். ஓடிய பந்தை எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தார். "நடந்ததத்தான சொன்னீங்க. அதுக்கெதுக்கு மன்னிப்பு" என்றார். அப்பாடா என்று கிளம்பப் பார்த்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா அது அன்னைக்கு மட்டுந்தான் நெசம். நீங்க பேரு வச்ச பிறகு தெனமும் நெசமாயிருச்சு."

கடைசிக் குழி

வருடத்தின் கடைசிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பள்ளங்கியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தங்கராசுவின் அம்மா கயிற்றை ஒட்டி, முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றார். பக்கத்தில் சித்ரா. கடைசிக் குழிக்குத் தங்கராசு வந்தபோது கணக்கு சுலபமாகிவிட்டது. அடுத்த அடியில் பந்து உள்ளே விழுந்தால் அடுத்த வருடமும் ஆட்டக்காரர். விழாவிட்டால் பழையபடி பை. பந்து எங்கே கிடக்கிறதென்று பார்த்தேன். அளந்து வைத்த மாதிரி அதே மூன்றடி.

காதுக்குள் கார்த்திக், "அக்கா, சொல்லுங்க. எல்லாரும் அதுக்குத்தான் வெயிட் பண்றாங்க" என்றான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே மைக் முன்னால் அப்படிச் சும்மா நின்றதில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். தங்கராசு குனிந்தார். பிறகு நிமிர்ந்து, பந்தை விட்டு விலகி, நேராக என்னைப் பார்த்தார். "பேசுங்கக்கா. நீங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குக் கை பந்துக்குப் போக மாட்டேங்குது" என்றார்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அத்தனை பேருக்கும் அந்த வார்த்தை தெரியும். அது என் நாக்கு நுனியில் இருக்கிறது என்பதும் தெரியும். சித்ராவின் முகத்தைப் பார்க்க முடியாமல் புல்லைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். "பந்து குழிக்கு மேல் பக்கம் இருக்கிறது. இடது பக்கம் லேசான சரிவு. காற்று இல்லை. தங்கராசு ஆடப்போகிறார்." எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்தார். மட்டை மெதுவாக நகர்ந்தது. பந்து விளிம்பு வரை போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே போனது.

பள்ளங்கி ஆட்கள் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார்கள். அவருடைய அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கார்த்திக் காதுக்குள், "ஏதாவது சொல்லுங்கக்கா, சூப்பரா ஒண்ணு சொல்லுங்க" என்று கெஞ்சினான். தேடிப் பார்த்தேன். கிணறு இருந்தது, நமுத்த வெடி இருந்தது, இந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. "விழுந்துவிட்டது" என்றேன். அலமாரியிலிருந்து ஏதோ சாமான் விழுந்ததைச் சொன்ன மாதிரிதான் அது கேட்டிருக்கும். தங்கராசு கூட்டத்திலிருந்து விடுபட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். போனவர் நின்றார். சண்டைக்கு நிற்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள நினைக்கிற ஆள் மாதிரி கேட்டார்.

"விழாததுக்கு எம் பேர வச்சீங்க. விழுந்ததுக்கு யாரு பேருக்கா?"

நியாயமான கேள்விதான், ஆனால் பாராட்டுக்கு ஒரு பேர் யோசிக்கச் சொல்லி இந்தத் தொழிலில் யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்காமல் யோசிக்கிற புத்தியும் எனக்கு இருந்ததில்லை.