ஐந்தாம் நாள் கிளினிக்

என் மாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை. தொப்புளுக்குக் கீழே கிடக்கிற வெட்டுத் தழும்பில் கை படும்போதெல்லாம் அவருடைய குரல்தான் கேட்கிறது. "துடக்கோட வெளிக்கிடக் கூடாது பிள்ளை. அஞ்சாம் நாள் தலை முழுகிப்போட்டுப் போவம்."

வட்டக்கச்சிக்குக் கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இதுதான் சட்டம். மாதவிலக்கு வந்தால் துடக்கு, தீட்டு. நாலு நாளும் பின்விறாந்தையில் பாய். சமைக்கிற குசினியை எட்டியும் பார்க்கக் கூடாது. எனக்கோ அந்த நாலு நாளும் செத்துப் பிழைக்கிற நாள்கள். ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி அடிவயிறு முறுக்கும். கக்கூசுக்குப் போனால் மலத்தோடு இரத்தமும் போகும். அதை எந்த வாயால் சொல்வது? என் மனுசனிடம் ஒருமுறை சொன்னேன். "அம்மாட்டச் சொல்லும்" என்றுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மாமி என்னை டொக்டரிடம் கூட்டிப்போகாமல் இல்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நாள், தலை முழுக வைத்து, திருநீறு பூசி, பஸ்ஸில் கூட்டிப்போவார். அதற்குள் நோவும் போயிருக்கும், இரத்தமும் நின்றிருக்கும். "மாதவிலக்கு நேரத்திலயோ நோகுது?" என்று டொக்டர் கேட்டால், நான் வாய் திறக்குமுன் மாமி முந்திவிடுவார்.

"சீச்சீ, அது எல்லாப் பொம்பிளையளுக்கும் வாற நோதானே டொக்டர். இது வாய்வு."

மருமகளுக்குக் கருப்பையில் கோளாறு என்று ஊர் கதைத்துவிடும் என்ற பயம் அவருக்கு. நானும் மண்டையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை. வாய்வுக் குளிசையை விழுங்கியே மூன்று வருசம் போயிற்று.

ஒருமுறை, இரண்டாம் நாள் காலை, கக்கூசிலேயே மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தலையும் முழுகாமல், தனியாகப் பஸ் ஏறினேன். டொக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு காலமும் ஏனம்மா இந்த நாளில வரேல்ல?"

"துடக்கெண்டு விடேல்ல டொக்டர்."

ஸ்கான் எடுத்தார்கள், குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியே குடலில் வேர் பிடித்து, மாதாமாதம் அங்கேயும் கசிந்து, குடலையே நெரித்திருந்ததாம். இனிக் குளிசை உதவாது, குடல் அடைபட முன்னர் வெட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெட்டினார்கள். ஒரு சாண் குடல் போயிற்று. பொருத்திய இடம் ஆறும்வரை வயிற்றில் வழி வைத்து, மலம் சேர ஒரு பையை ஒட்டிவிட்டார்கள்.

பையோடு வீட்டுக்கு வந்த என்னிடம் மாமி கேட்ட முதல் கேள்வி, "இதோட குசினிக்க வரலாமே?" என்பதுதான். பையை எடுக்கும்வரை மூன்று மாதமும் விறாந்தையில் கிடந்தேன். பார்க்க வந்த சனத்துக்கு "அல்சர் ஒப்பரேசன்" என்று அளந்தார். என் வயிற்றை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

போன மாதம் அதே விறாந்தையில் மச்சாள் சுருண்டு கிடந்தாள். மாமியின் ஒரே மகள், பத்தொன்பது வயது. "அண்ணி, கக்கூசுக்குப் போனா ரத்தம் வருது" என்று என் காதுக்குள் சொல்லி அழுதாள். மாமி குசினி வாசலில் நின்றார்.

"ரெண்டு நாள் பொறுக்கட்டும். அஞ்சாம் நாள் நானே கொண்டு போறன்."

நான் சட்டையைத் தூக்கினேன். "நல்லாப் பாருங்கோ மாமி. இதுதான் உங்கட அஞ்சாம் நாள்."

மாமி பார்த்தார். தழும்பைப் பார்த்தார், பை இருந்த இடத்துக் குழியைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார். நான் ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு மச்சாளைப் பிடித்து எழுப்பினேன். வாசல் படலையடிக்குப் போகும்போது மாமி குடையோடு பின்னால் ஓடிவந்தார்.

"நானும் வாறன் பிள்ளை."

"வேண்டாம் மாமி. டொக்டர் கேக்கிறதுக்கு அவளே மறுமொழி சொல்லட்டும்."