நீல மூடி டப்பாவும் மிஸ்ஸின் அதட்டலும்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். திரையில் ஓர் எண் தெரியும், மண்ணின் ஈரம். அது ஏறினால் எழுந்து நடப்பேன். இறங்கினால் நம்பாமல் மறுபடி பார்ப்பேன். "அதப் பாத்துக்கிட்டே இருந்தா மழை நின்னுருமா?" என்று மனைவி கேட்பாள். நிற்காதுதான். ஆனால் அந்த எண் வருவது கொஸ்லந்தைப் பக்கத்து மலைச்சரிவில், கம்பத்தில் கட்டியிருக்கும் நீல மூடி போட்ட சாப்பாட்டு டப்பா ஒன்றிலிருந்து. அதைக் கட்டியவர் எங்கள் மிஸ்.

பதுளையில் ஒரு புடவைக்கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் அந்தப் பயிற்சி நடந்தது. பொருட்களின் இணையம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள், அதாவது கருவிகளை இணையத்தோடு இணைக்கும் வேலை. வேலையில் இருப்பவர்களுக்கான செய்முறைப் பயிற்சி. நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மின்சார வேலை பார்ப்பவன். கூடப் படித்தவர்களில் தண்ணீர்ப் பம்பு பார்ப்பவரும் இருந்தார், தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரும் இருந்தார். எல்லோரையும்விட, பாடம் நடத்திய மிஸ்ஸுக்கு வயது குறைவு, வாய் அதிகம். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். வயரைத் தொடத் தயங்கினால், "சார், பாத்துக்கிட்டு நின்னா அது தானா ஒட்டிக்காது, கைய வைங்க" என்பார். ஈரம் அளக்கும் கருவிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிக்குள் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கியபோது, சந்தையில் இந்தச் சாப்பாட்டு டப்பாவை வாங்கி வந்து கருவியை அதற்குள் வைத்தவரும் அவர்தான். சிரித்தோம். டப்பா இன்றுவரை நனையவில்லை.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சரிவுக்குக் கீழே உள்ள லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசி அறையில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. மாற்று வீடு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதுளைக்கு வந்து தன்னோடு இருக்கும்படி மிஸ் கெஞ்சியும் அம்மா அசையவில்லை. மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டாராம். அதனால் எங்கள் கடைசிச் செய்முறை வேலையே அந்த லயத்துக்கு ஓர் எச்சரிக்கைச் சங்கு அமைப்பது என்றாயிற்று. மண் ஊறினாலோ கம்பம் சாய்ந்தாலோ சங்கு ஒலிக்க வேண்டும். சனங்கள் எதிர்ப்புறம் இருக்கும் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை வைத்தோம். ஏற வேண்டிய இடத்தை வீடு வீடாகச் சொல்லியிருந்தோம். சங்கு அருமையாக ஒலித்தது. பெண்கள் அவசரமாக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நேரே கீழே இறங்கினார்கள். வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்துக்கு! மண் சரிந்தால் முதலில் வந்து விழும் இடம் அது. "ஞாயித்துக்கெழமையும் பேரு போடுறாங்களா?" என்று ஒருத்தி எங்களிடமே கேட்டாள். பிறந்ததிலிருந்து சங்கு என்றால் பெரட்டு என்று பழகிய கால்கள் வேறு எங்கே போகும்? நாங்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. மிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த நிமிடம் எழுந்தார். "சங்கு வேணாம். நான் பேசுறேன்" என்று கைப்பேசியை வாய்க்கருகே வைத்து அங்கேயே பதிவு செய்தார். "எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறுங்க! கூடைய வச்சிட்டு ஏறுங்க!" என்று கத்திவிட்டு, மூச்சு வாங்கி, கடைசியில் ஒன்று சேர்த்தார். "எம்மா, ஒனக்குந்தான் சொல்றேன். மாட்ட அவுத்துவிட்டுட்டு ஏறு!" சங்குக்குப் பதிலாக அதையே ஒலிபெருக்கியில் ஏற்றினோம். லயமே சிரித்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் கோபம். ஊர் கேட்க மானத்தை வாங்கிவிட்டாள் என்று மகளோடு அன்று முழுவதும் பேசவில்லை.

இப்போது மிஸ் கட்டாரில் இருக்கிறார். ஏதோ குளிர்களஞ்சியத்துக்கு இதே வேலை. புறப்படும்போது டப்பாவை என் பொறுப்பில் விட்டுப் போனார். அன்றிலிருந்துதான் எனக்கு இந்த நோய்.

நேற்று மாலையும் மழை. எண் ஏறிக்கொண்டே இருந்தது, நான் முற்றத்துக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மிஸ்ஸின் அம்மாவே அழைத்தார். "தம்பி, இம்புட்டு மழை பேயுது, இன்னும் புள்ள சத்தத்தக் காணமே. மெசினு வேல செய்யுதுங்களா?"

"சத்தத்துக்குக் காத்திருக்காதீங்கம்மா. இப்பவே ஏறுங்க!"

"அவ கூப்புடட்டும் தம்பி. போன்ல பேசுனா சாப்புட்டியான்னு கேட்டுட்டு வச்சிர்றா. அதுலதான் என்னைய அதட்டுறா."

எனக்கு ஆத்திரம் வந்தது. மறுபடி கத்த வாயெடுத்தேன். அதற்குள் கைப்பேசி வழியாக, மழையைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் கேட்டது. எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறுங்க! பிள்ளைகளின் ஓட்டம் கேட்டது. மாட்டுக் கழுத்து மணி கேட்டது. அந்த அம்மா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவர் மூச்சு வாங்கி ஏறுவதை, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று கேட்டேன். நீல மூடி டப்பாவுக்குப் பக்கத்து ஒலிபெருக்கியில் மிஸ் அதட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரல் தூரமாகிப் போனது.

"மேட்டுக்கு வந்துட்டேன் தம்பி" என்றார் அந்த அம்மா. "ஏறிட்டேன்னு அவகிட்டச் சொல்லிருங்க."