கிளவுஸ் போட்ட நாட்கள்

அந்த வருடங்களில் என் வலது கை சுண்டுவிரல் நகம் மட்டும் நீளமாக இருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் போதும், "ஒத்த நகத்துல அப்படி என்னா ஃபேஷன்?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஃபேஷனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது என் வேலைக்கான சாமான். ஓசூரில், கையில் பிடித்து மரம் அறுக்கும் பெட்ரோல் மெஷினுக்கு சிலிண்டர் செய்யும் ஒரு கம்பெனியில், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

சிலிண்டர் என்றால் கையில் அடங்குகிற அலுமினியக் கூடு. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும். உள்சுவர் தேயாமல் இருக்க மெல்லிசாக ஒரு பூச்சு. புகை வெளியேறப் பக்கத்தில் ஒரு துளை. அந்தத் துளையின் விளிம்பில்தான் எல்லாமே இருக்கிறது. விளிம்பை மழுங்க இழைத்திருந்தால் மெஷின் வருடக்கணக்கில் ஓடும். கூராக விட்டிருந்தால் பூச்சு அங்கிருந்து பெயரும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் அதில் மாட்டும், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென்று இறுகி நின்றுவிடும். இதைக் கேஜ் போட்டு அளக்க முடியாது. கண்ணிலும் படாது. நகத்தால் ஒரு தடவு தடவினால் தெரிந்துவிடும். அதனால் எங்கள் மேஜையில் நாலு பெண்களுக்கும் ஒரு நகம் நீளம். சுவரில் என்னவோ நகம் வெட்ட வேண்டும், கிளவுஸ் போட வேண்டும் என்றுதான் ஒட்டியிருந்தது. ஆடிட் வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்வோம்.

இன்னொரு நாளும் உண்டு. மாதக் கடைசியில் லோடு போய்ச் சேர வேண்டிய நெருக்கடி வரும்போது லைன் இன்சார்ஜ் வந்து மேஜை ஓரம் நிற்பார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். நல்ல சேதியைத் தமிழில் சொல்வார், மற்றதைக் கன்னடத்தில். "கிளவுஸ் ஹாக்கொள்ளி" என்பார். கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது, சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கிளவுஸ் போட்ட கைக்கு விளிம்பு தெரியாது. தெரியாததை எப்படித் தள்ளுவது? சிவப்பு டப்பாவில் நாங்கள் ஒதுக்கிப் போட்டதெல்லாம் மறுபடி மேஜைக்கு வந்து, பாஸாகி, பெட்டிக்குள் போய்விடும். பாஸான பீஸில் அவரவர் கலரில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். என்னுடையது பச்சை.

முதலில் அது மாதத்தில் ஒரு நாளாக இருந்தது. பிறகு கடைசி வாரம் ஆனது. விளிம்பு இழைக்கும் மெஷினில் இருந்தவரை வேறு லைனுக்குத் தூக்கினார்கள். பூச்சு மெலிந்தது. "விலையக் கொறைன்னு கேக்கறாங்க, நாம என்ன பண்றது" என்றார்கள். ஒரு தீபாவளி லீவு முடிந்து வந்து போட்ட கிளவுஸைக் கழற்றச் சொல்ல அப்புறம் யாருக்கும் ஞாபகம் வரவேயில்லை. எங்காவது பீஸ் போய்ப் புகார் வந்தால் மட்டும், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள்.

அதிலிருந்து என் கை சும்மா இருப்பதில்லை. கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைத் தடவுவேன். டீ டம்ளரின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவுவேன், டீ ஆறிப்போகும். சூளகிரி தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் யார் மேல் என்று தெரியாத ஒரு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிடும். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தாலும் கோபம் வரும்.

என் வீட்டுக்காரருக்கு மரம் அறுக்கும் வேலை. சொந்த ஊர் கல்லாவி. இடுப்பில் கயிறு கட்டி ஏறி, மேலிருந்து கிளை கிளையாகக் கழித்துக்கொண்டே இறங்குவார். எத்தனை பெரிய மரமாக இருந்தாலும் பயப்பட மாட்டார். ஒன்றே ஒன்றுதான் பயம்: கிளையைப் பாதி அறுத்திருக்கும்போது மெஷின் நின்றுபோவது. பாதியில் நின்ற கிளை தன் கனத்திலேயே கிழியும். எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. கூட்டாளி ஒருவர் அப்படித்தான் போனார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏழு மணி பஸ் ஏறிப் போய் கிளவுஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி போய்விட்டு வந்தவர் ஒரு பெட்டியை என் மடியில் போட்டார்.

"பழைய சிலிண்டரு தேஞ்சி போச்சில்ல, புதுசு வாங்கியாந்துட்டன். கடக்காரன் வேற கம்பெனி சாமானத்தான் எடுத்து வச்சான். எங்க வூட்டுக்காரி கம்பெனிதான் வேணும்னு கேட்டு வாங்குனன்" என்றார்.

திறந்தேன். பச்சைப் புள்ளி. என் கை தானாகவே துளைக்குள் போனது. நகம் சட்டென்று மாட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னா மே, ஓகேவா?"

இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றால் போயிருப்பார், கோபித்துக்கொள்கிற ஆளும் இல்லை. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார். தெரிந்தால் ஏன் பாஸ் பண்ணினாய் என்று கேட்பார். இந்த மனுஷன் டீக்கடையிலும் சொந்தக்காரர் வீட்டிலும், "எம் பொண்டாட்டி கை வைக்காம ஒரு பீஸ் வெளிய வராது" என்று பீற்றிக்கொண்டு திரிகிறார். வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

"ம்" என்றேன்.

அவர் மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டினார். பெட்ரோலில் ஆயிலை அளந்து ஊற்றிக் கலந்தார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். இழுத்துவிட்டதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. தெருவே திரும்பிப் பார்த்தது. எல்லாம் சும்மா என் மனப்பிராந்தி, ஓடத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோறு வடித்தேன்.

திங்கட்கிழமை அவருக்குக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் வேலை. நான் மேஜையில் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தேன், எத்தனை புள்ளி வைத்தேன் என்று நினைவில்லை. டீ டைமில் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மரத்தில் இருந்தால் எடுக்க மாட்டார்தான். மறுபடி பண்ணினேன். நாலாவது தடவைக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வயிற்று வலி என்று சொல்லிப் பெர்மிஷன் வாங்கி, கேட்டுக்கு வெளியே வந்த முதல் ஆட்டோவைப் பிடித்தேன். வழி நெடுக, போனதும் சொல்லிவிடுகிறேன், போனதும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

தோப்புக்குள் மெஷின் சத்தமே இல்லை. அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, கையைத் துண்டில் தொட்டில் கட்டியிருந்தார்கள். பாதி அறுப்பில் மெஷின் இறுகி நின்று, கிழிந்த கிளை திரும்பி வந்து தோளில் அடித்திருக்கிறது. இடுப்புக் கயிறு இழுத்துப் பிடித்ததால் உயிர் தங்கியது. உயிரோடு இருக்கிறார் என்று பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. பக்கத்தில் தோப்புக்காரர் நின்றிருந்தார். அவரிடம் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஆயிலு கம்மியா ஊத்திட்டங்க போல. எம் மேலதான் தப்பு. சாமானு நல்ல சாமானுங்க. இதோ, இவ கம்பெனிதான். இவ பாத்து அனுப்பறதுதான்."

"ஆயிலு சரியாதான் ஊத்துன மாமா" என்றேன். "பக்கத்துலதான இருந்தன். அந்த சிலிண்டருதான் மோசம். கையில எடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிது."

வலியில் சுருங்கியிருந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"எங்க எடுத்தப்ப? கம்பெனியிலயா, வூட்லயா?"

கம்பெனியில் என்றால் ஆயிரம் சமாதானம் சொல்லலாம். ஒன்பது வருடத்துச் சமாதானம் என்னிடம் தயாராக இருந்தது.

"வூட்லதான். நேத்து" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்து நின்றது. தூக்கிவிட நான் குனிந்து கையை நீட்டினேன். அவர் தோப்புக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.