எந்த நாட்டிலும் செல்லுபடியாகும்

மெல்பேர்னில் நான் இரசாயனம் படிப்பிக்கும் யூத உயர்பள்ளியில், குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் கழிந்த சிறிது நேரத்தில் வகுப்புகள் முடிந்துவிடும். சூரியன் மறையுமுன் எல்லோரும் வீடு சேரவேண்டும். அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். வந்த புதிதில், நகரத்தில் ஏதோ கலவரம் என்றுதான் பயந்தேன். பள்ளிக்கூடத்தை நேரத்துக்கு முன்பே மூடுவதற்கு, இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு வேறு காரணம் தெரியாது.

இந்தப் பள்ளியில் கடைசி இரண்டு வகுப்புகளுக்குச் சர்வதேச டிப்ளோமா என்றொரு பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். தேறினால் எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் நான் விளக்கினேன். என் மாணவி ரூத்தின் தகப்பன் லாஸ்லோ எழுந்தார். ஹங்கேரியில் பிறந்தவர், இங்கே கோட்டுத் தைக்கிறார்.

“எந்த நாடும் என்றால், உண்மையாகவே எந்த நாடுமா? நாளைக்கு இங்கேயிருந்தும் போகச் சொன்னால்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். இளவயதில் அவருக்குப் புள்ளிகள் இருந்தன, பல்கலைக்கழகத்தில் இடம்தான் கிடைக்கவில்லை. யூதருக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருந்தார்களாம்.

“எங்கள் நாட்டிலும் அப்படித்தான்” என்றேன்.

“சிலோனிலும் யூதர்கள் இருக்கிறார்களா?” என்று வியப்போடு கேட்டார்.

“இல்லை. நாங்கள் இருக்கிறோம்.”

என் தம்பி குகனைப் பற்றி அவருக்குச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அவனுடைய சோதனை முடிவு வந்த அன்று, மருத்துவபீடம் நிச்சயம் என்று அம்மா அயலுக்கெல்லாம் பாயாசம் கொடுத்தா. பிறகுதான் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் என்ற அரசாங்க விதி வந்தது. அதே புள்ளியைச் சிங்களத்தில் எழுதி எடுத்திருந்தால் போதும்; தமிழில் எழுதியதால் போதவில்லை. மறுமுறை இன்னும் கூடுதலாக எடுத்தான். அதுவும் போதவில்லை. அதற்குப் பிறகு பகலிலும் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

அவனை இந்த டிப்ளோமாவில் சேர்க்கலாமா என்று அதிபரிடம் கேட்டேன். வயது சற்றுக் கூட என்று தயங்கினாலும் சம்மதித்தார். லாஸ்லோ தானாகவே பொறுப்பாளராக நின்று கையெழுத்திட்டார். விசாவுக்காக மாதக்கணக்கில் அலைந்தேன். கிடைத்ததும் ட்ரங்க் கோல் பதிவு செய்து, அவனை ஊர்த் தபாற்கந்தோருக்கு வரச்சொன்னேன். இங்கே இரவு எட்டு மணிக்கு இணைப்புக் கிடைத்தது.

“குகன், இடம் கிடைச்சிட்டுது. விசாவும் வந்திட்டுது. வெளிக்கிடு.”

“இல்லை அக்கா. நான் வரேல்லை.”

“ஏன்ரா? நீ கேட்ட படிப்புத்தானே?”

“ஓம், கேட்டனான். இஞ்சை கேட்டனான். அங்கை தந்தா, இஞ்சை இல்லையெண்டு சொன்னவன் சொன்னது சரியெண்டாகிப் போகும்.”

“அப்ப என்ன செய்யப் போறாய்?”

“அம்மாவை நான் பாக்கிறன் எண்டு இனிச் சொல்லேலாது, அக்கா. என்னைத் தேடவேண்டாம்.” வைத்துவிட்டான். பிறகு அவன் எங்கே போனான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது; அந்த நாட்களில் ஊர்ப் பெடியன்கள் பலர் இப்படித்தான் ஆயுதமெடுத்த இயக்கங்களுக்குப் போனார்கள். அதிபரிடமும் லாஸ்லோவிடமும் நான் இதை எப்படிச் சொல்வேன்? அவன் ஏன் மறுத்தான் என்று அவர்களுக்குப் புரியாவிட்டால் எனக்கு வெட்கம்; புரிந்துவிட்டால், நாட்டை விட்டு வந்த எங்கள் எல்லோருக்கும் அதைவிட மோசம்.

மறுநாள் காலையிலும் வேலைக்குப் போனேன். ட்ராமில் கண்டக்டர் வந்து, எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.

“வீட்டை போகவேணும்” என்றேன், தமிழில்.

“மன்னிக்கவும், விளங்கவில்லை” என்று சொல்லி, டிக்கெட்டைக் கிழிக்காமல் காத்து நின்றார். நான் அதையே திரும்பவும் சொன்னேன். ட்ராம் பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது.