சிஐடி சிஸ்டரும் செருப்புக்கடியும்

குப்பைக்கூடையைக் காலால் லேசாகத் தன் பக்கம் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் சிஸ்டர் நோயாளியின் பக்கம் திரும்புவார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, காலியான குழிகளை எண்ணுவார். பிறகு கைக்குட்டை கீழே விழும். எடுக்கக் குனிகிற சாக்கில் கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை. அந்தக் கைக்குட்டை எந்த வீட்டிலும் தப்பான இடத்தில் விழுந்ததில்லை.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரிப் பட்டியலில் தனக்கு நோயே இல்லை என்று சாதிக்கிறவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். மற்ற நர்ஸுகள் அவர்களை இவர் தலையில் கட்டிவிடுவார்கள். "விடு, சிஐடி சிஸ்டர் பாத்துக்குவாங்க." இந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். அவருக்கா தெரியாது?

நோயின் பெயரைப் பற்றி அவர் யாரிடமும் வாதாடுவதில்லை. இதயம் பலவீனமான ஒரு தையல்காரர் அதை "வாய்வு" என்பார். நுரையீரல் கெட்டுப்போன ஒரு டீச்சருக்கு அது வெறும் "சாக்பீஸ் தூசி". "பேர் என்ன வேணா வச்சுக்கோங்க. வாய்வுக்கும் இதே மாத்திரைதான்" என்று தண்ணீரோடு நீட்டுவார். விழுங்கியாயிற்று என்று தலையாட்டினால் போதாது. "உங்க பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி ஏதோ தகராறு பண்ணினாராமே?" என்று எடுத்துக் கொடுப்பார். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சம்பந்தியைத் திட்ட இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

"நல்லா இருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்வார். இரண்டாம் தடவை சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தப் புத்தி வீட்டிலும் அவரை விடுவதில்லை. கணவர் "சாப்பிட்டேன்" என்றால் கழுவுத்தொட்டியில் எச்சில் தட்டு இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தார் ஒரு டிக்கெட் செக்கர். முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கி ஓய்வுபெற்றவர். இன்றைக்கும் சட்டைப்பையில் கறுப்புப் பால்பேனா குத்தியிருக்கும். படுத்திருந்தாலும் அதை எடுப்பதில்லை. வலது காலின் கட்டைவிரலுக்குக் கீழே எட்டணா அகலத்துக்குப் புண். இந்த மாதக் கடைசிக்குள் சர்க்கரை இறங்கவில்லையென்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சர்க்கரையாவது ஒன்னாவது. புதுச் செருப்பு கடிச்சுது, அவ்வளவுதான்" என்றார் செக்கர். "அந்த டாக்டர் மூஞ்சியப் பாத்தாலே பொய்யின்னு தெரியுது. மூஞ்சியப் பாத்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்சவன் சிஸ்டர் நான்."

"நானும் மூஞ்சியப் பாப்பேன் சார்" என்றார் சிஸ்டர். "அப்படியே குப்பைக்கூடையையும் பாப்பேன்."

காலையும் மாலையும் விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் கருவியில் வரும் எண்ணை நோட்டில் எழுதிவைக்கும் பொறுப்பு செக்கரின் மனைவிக்கு. நோட்டைப் பிரித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. தொண்ணூற்றெட்டு. நூற்றிநாலு. தொண்ணூற்றாறு. சிஸ்டர் கருவியின் நினைவில் இருந்த எண்களோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. கூடையில் கிடந்த, ரத்தக்கறை படிந்த சோதனைப் பட்டைகளை எண்ணினார். அதுவும் சரி. ஆனால் காலில் இருந்த கட்டைப் பிரித்தால் புண்ணின் ஓரம் வெளுத்துப்போய், துணி ஈரமாகி, வாடை முகத்தில் அடித்தது. நோட்டு ஒன்று சொல்கிறது, புண் ஒன்று சொல்கிறது. இரண்டில் பொய் சொல்லத் தெரியாதது புண்தான்.

"ஒரு தடவை நான் குத்திப் பாத்துடறேனே?"

"காலைலயே பாத்தாச்சு. ஒரே டிக்கெட்டை ரெண்டு தடவை செக் பண்றது மரியாதை இல்ல." செக்கர் கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். அடுத்த முறை போனபோதும் கைகள் அங்கேயேதான் இருந்தன.

மூன்றாவது முறை போனபோது மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். விரல்கள் டம்ளரில் படாமல் விறைத்து நின்றன.

"கை சுட்டுடுச்சாம்மா?"

"பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒத்துக்கல அவளுக்கு" என்றார் கட்டிலில் இருந்த செக்கர்.

கேட்டது ஒருவரை, பதில் வந்தது இன்னொருவரிடமிருந்து. சிஸ்டர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாளின் கைகளைப் பிடித்துத் திருப்பினார். எள்ளை வாரித் தூவியதுபோல ஒவ்வொரு விரல்நுனியிலும் கறுப்புப் புள்ளிகள். சுண்டுவிரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

"இவருக்கு ஊசின்னா பயம் சிஸ்டர்" என்றார் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

"யாருக்குடி பயம்? கணக்குப் போட்டுத்தான் அவ விரல்ல குத்திக்கச் சொன்னேன்." செக்கரின் குரலில் கூச்சமே இல்லை. "நாப்பது வருஷமா ரெண்டு பேரும் ஒரே சட்டியில சாப்பிடுறோம். அவ ரத்தத்துல இல்லாத சர்க்கரை என் ரத்தத்துல மட்டும் எங்கேருந்து வரும்? பஸ்ல எல்லாரையுமா செக் பண்றோம்? அங்கங்க ஒருத்தரைப் பாத்தா போதும். மிச்சம் தானாத் தெரியும்."

சிஸ்டர் புண்ணைத் துடைத்தார். மருந்து வைத்தார். புதுத் துணியைச் சுற்றும்போது, ஏதோ நினைவுக்கு வந்தவர்போலக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். புருஷனும் பொண்டாட்டியும் பஸ்ல ஏறினா எத்தனை டிக்கெட்?"

"இது என்ன கேள்வி? ரெண்டு."

"பொண்டாட்டிகிட்ட மட்டும் இருக்கு. புருஷன் சொல்றான், 'நாங்க ஒரே குடும்பம், ஒரே சட்டிச் சோறு, அவ டிக்கெட்டையே பாத்துக்கோங்க'ன்னு."

"எங்கிட்டயேவா? அந்த இடத்துலயே இறக்கி விட்டுருவேன்."

"கால் சரியில்லாதவனா இருந்தா?"

மனைவி கைகளைப் புடவைத் தலைப்பில் சுருட்டி மறைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தபடியே அக்குளிலிருந்து ஒரு கையை மட்டும் உருவி நீட்டினார் செக்கர். சிஸ்டர் குத்தியபோது அவர் கண்களை இறுக்கிக்கொண்டதை மனைவி பார்த்தார்.

முன்னூற்று முப்பத்தெட்டு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் செக்கர்.

"இருக்கலாம் சார்." சிஸ்டர் புது ஊசியை எடுத்துத் தன் விரலில் குத்தி, புதுப் பட்டையில் வைத்து, அதே கருவியை அவர் முகத்துக்கு எதிரே பிடித்தார். தொண்ணூற்றி ஒன்று. செக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பட்டைகளையும் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், நகத்தால் சுரண்டினார். கள்ள டிக்கெட்டை அப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. வெகுநேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தச் செருப்புக்கடிக்கு என்ன மருந்து?"

"மாத்திரை மூணு வேளை. காலைல ஒரு ஊசி."

"செருப்புக்கடிக்கெல்லாமா ஊசி போடுவாங்க?"

"இந்தச் செருப்புக்கடிக்குப் போடுவாங்க சார்."

மனைவி வாசல்வரை வந்து, "இனிமே ஒழுங்காக் குத்திக்குவார் சிஸ்டர், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். "சரிம்மா" என்றார் சிஸ்டர். "கவலைப்படாதீங்க" என்று அந்த அம்மாள் இரண்டாம் தடவையும் சொன்னார்.

முறைப்படி அடுத்து வெள்ளிக்கிழமைதான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே சிஸ்டர் அந்த வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். கூடையை இழுத்துப் பார்த்தார். பட்டைகள் இருந்தன. நோட்டைப் பார்த்தார். முன்னூற்றிரண்டு, இருநூற்றெண்பது, இருநூற்றறுபத்தைந்து. மோசமான எண்கள்தான், ஆனால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. "கையைக் காட்டுங்கம்மா" என்றார். மனைவி நீட்டினார். பழைய புள்ளிகள் மங்கியிருந்தன, புதிதாக எதுவும் இல்லை.

செக்கரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் செக்கர் ஏறியதும் பயணிகள் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டுவதுபோல, படுத்தபடியே தன் கையை நீட்டியிருந்தார். மூன்று விரல்நுனிகளில் கறுப்புப் புள்ளிகள்.

சிஸ்டர் அந்தக் கையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். செக்கரின் சட்டைப்பையிலிருந்த கறுப்புப் பால்பேனாவையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்தார்.