நில் என்றால் நீலம்

நாகரத்தினத்துக்குப் பத்மஜா டீச்சர் மேல் ஒரு மனக்குறை. ஏழு வருஷமாக அது நெஞ்சில் குந்தியிருக்கிறது. போன கார்த்திகையில் டீச்சர் போய்ச் சேர்ந்த பிறகும் எழுந்து போக மாட்டேன் என்கிறது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். எந்த மடையன் சொன்னான்? நமக்காக ஒருத்தர் பொய் சொல்லி, அந்தப் பொய்யில் தானே விழுந்து, வாயைத் திறக்காதே என்று நம்மிடமே சத்தியமும் வாங்கிக்கொண்டால் அது உபகாரமா, உபத்திரவமா? ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

நாகரத்தினம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவர்; கலாசி என்கிற ரயில்வே கூலியாளின் மகன். கல்கத்தா காளிகாட்டில் ஒரு சந்துக்குள், தமிழ்க்காரர்கள் கமிட்டி வைத்து நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் பியூன். மணி அடிப்பது, முற்றம் கழுவுவது, பிள்ளைகளைக் கைபிடித்து ரோடு தாண்டி விடுவது எல்லாம் அவர் பாடு. இருபது வருஷம் ஆகியும் 'டெம்பரரி'தான். பிள்ளைகள் அவரை 'நாகு காக்கு' என்பார்கள். வங்காளத்தில் சித்தப்பாவுக்குக் காக்கு.

டீச்சர் லேக் கார்டன்ஸில் தம்பி வீட்டு மாடியறையில் இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு அவருடையது. மற்ற டீச்சர்கள் பரீட்சைக்கு முன்னால் ரிவிஷன் என்று பிள்ளைகளைப் பெஞ்சில் அறைந்து வைத்து, ஒன்றையே பத்துத் தரம் எழுதச் சொல்வார்கள். பாதி தூங்கும், பாதி சுவரைப் பார்க்கும். இவர் முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

முற்றத்துக்கு நான்கு மூலை. மிச்சமிருந்த பெயின்ட்டைக் கொண்டு நாகரத்தினம்தான் மூலைக்கு ஒரு நிறம் அடித்துக் கொடுத்தார். டீச்சர் கேள்வி கேட்பார். ஏழெட்டு எத்தனை? சிவப்பில் ஐம்பத்துநாலு, பச்சையில் ஐம்பத்தாறு, இப்படி மூலைக்கு ஒரு விடை. பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றிய மூலைக்கு ஓட வேண்டும். பிறகு சரியான மூலையின் நிறத்தை டீச்சர் கூவுவார்; தப்பாக நின்றதெல்லாம் அங்கே பாய வேண்டும். கடைசியாக வந்து சேருகிற பிள்ளை அந்த வாய்ப்பாட்டை நொண்டியடித்துக்கொண்டே சொல்ல வேண்டும். நதிகளும் ராஜதானிகளும்கூட அப்படித்தான் அந்தப் பிள்ளைகளின் காலில் ஏறின.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வரும். அதனால் நிறங்களை வங்காளத்தில்தான் கூவுவார்: சிவப்புக்கு லால், பச்சைக்கு சொபுஜ், மஞ்சளுக்கு ஹோலுத், அப்புறம் நீல். நீல் என்றால் நீலம். முதல் வாரத்திலேயே வந்தது வேடிக்கை. பிள்ளைகள் முட்டிக்கொள்வதைப் பார்த்து நாகரத்தினம் "நில்லு, நில்லு" என்று அதட்ட, வகுப்பு மொத்தமும் நீல மூலைக்கு ஓடிப்போய் நின்றது. குறிலும் நெடிலும் வங்காளக் காதுக்கு ஒன்று. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி நிறுத்துவதற்குக் கை தட்டுங்கள், அந்த வார்த்தை வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்தார்.

ஸ்னேகா என்று ஒரு பெண். அப்பாவுக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளைப் பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார வைக்க முடியாது. தாளில் எழுதச் சொன்னால் முட்டை. முற்றத்தில் விட்டால் கேள்வி முடிவதற்குள் சரியான மூலையில் நிற்பாள். அந்தப் பெண் தேறிவிட்டால் போதும், கமிட்டிக்காரர்கள் மற்ற வகுப்புகளையும் வெளியே விடுவார்கள் என்று டீச்சர் நம்பினார். பைத்தியக்கார நம்பிக்கை. ஆனால் அந்தப் பெண்ணின் அரைப் பரீட்சைத் தாளில் அறுபத்தெட்டு வந்ததை நாகரத்தினமே பார்த்தார்.

அந்த ஆடி மாதம் விடாமல் மழை. நீல மூலையில் குழாயடி. பாசி பிடித்து வழவழவென்று கிடந்தது. ஒரு நாள், இன்றைக்கு மூன்று மூலைதான், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். நாகரத்தினம் பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வரும்போது, விடையை யோசித்தபடி ஸ்னேகா அந்த மூலைப் பக்கமாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சாமான். தட்டுவது எங்கே? வாய் முந்திக்கொண்டது.

"நில்!"

அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். விடை கிடைத்துவிட்ட முகம். திரும்பி நீல மூலைக்கு ஒரே பாய்ச்சல். கால் வழுக்கி, குழாயடித் திட்டில் வலது முழங்கை மோதியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அது வேண்டாம்.

மூன்றாம் நாள் மீட்டிங். செக்ரட்டரி வெங்கடநாராயணன் பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கத்தில் ஸ்னேகாவின் அப்பா, எதிரே டீச்சர். கை இனி முழுசாக நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டீ கொண்டுபோன நாகரத்தினம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"போகக் கூடாதுன்னு சொன்ன மூலைக்குக் குழந்தை ஏன் ஓடித்து? நீல்னு கத்தினது யாரு?" என்று செக்ரட்டரி கேட்டார்.

நாகரத்தினம் தொண்டையைச் செருமினார். அதற்குள் டீச்சர் சொல்லிவிட்டார்.

"நான்தான். ஞாபக மறதி."

மீட்டிங் முடிந்து மாடிப்படியில் டீச்சரை மறித்துக்கொண்டு நாகரத்தினம் கேட்டார், கத்தினது நான் இல்லையா என்று.

"தெரியும். நீங்க டெம்பரரி, ஒரு கடுதாசிகூடக் குடுக்காம வெளியில தள்ளிடுவா. எனக்குன்னா ஒரு மெமோ. வாங்கிண்டு போறேன்."

"பொய்யில்ல டீச்சர் அது?"

"பசங்ககிட்டதான் பொய் சொல்லப்படாது. கமிட்டிக்குச் சொல்லலாம். அதோ, கோயில் பக்கம் பாத்து சத்தியம் பண்ணுங்கோ, வாயத் திறக்க மாட்டேன்னு."

காளி இருக்கிற திசையைப் பார்த்து எவன் மறுப்பான்? பண்ணித் தொலைத்தார்.

மெமோவோடு நிற்கவில்லை. முதலில் முற்றத்தில் ஓடக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. ஆணி அடித்து மாட்டியதும் நாகரத்தினம்தான். பிறகு மூன்றாம் வகுப்பு வேறு டீச்சருக்குப் போயிற்று. பத்மஜா டீச்சரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, பழைய பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடச் சொன்னார்கள். பிள்ளைகள் அவருக்குப் பேர் வைத்தார்கள்: 'ஹாத்-பாங்கா மிஸ்'. கையொடித்த மிஸ். அவர் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளேதான். அடுத்த ஏப்ரலில், இருபத்தாறு வருஷ வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். ஸ்னேகா பெஞ்சுக்குத் திரும்பினாள். இடது கையால் எழுதிப் பழகினாள். மார்க் பழையபடி முட்டை. ஒரு நாள் நாகரத்தினம் ரோடு தாண்டி விட வலது பக்கம் போய்க் கை நீட்டியபோது, அந்தப் பெண் சுற்றி வந்து இடது கையைக் கொடுத்தாள்.

சத்தியம் ஏழு வருஷம் தாங்கியது. போன துர்கா பூஜை முடிந்து விஜயதசமிக்கு மறுநாள், வங்காளிகள் விஜயா என்று வீடு வீடாக இனிப்போடு போய்ப் பெரியவர்களை வணங்குகிற நாளில், செக்ரட்டரி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனார். செக்ரட்டரி பொறுமையாகக் கேட்டார். விஜயா இனிப்பாகத் தட்டில் சந்தேஷ் கொடுத்தார்.

"இப்ப வந்து சொன்னா என்ன பண்றது நாகரத்தினம்? அந்தப் பொண்ணோட அப்பா பெங்களூர் போயிட்டான். ஃபைலே எங்க இருக்கோ. அந்தம்மாவுக்கும் வயசாயிடுத்து. போய் வேலையப் பாரும்."

வேலைகூடப் போகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவனைக் குற்றவாளியாக மதிக்கக்கூட ஆள் இல்லை.

அங்கிருந்து நேரே லேக் கார்டன்ஸ். தம்பி வீட்டார் ஆபீஸ் போயிருந்தார்கள். டீச்சர் பாதியாகிப் போயிருந்தார், கால் வீங்கியிருந்தது. மூச்சு வாங்க வாங்கக் கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். இவர் உட்காராமலே, சத்தியத்தை மீறிவிட்டேன், செக்ரட்டரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை வருஷமும் இவர் சொல்ல மாட்டாரா என்று டீச்சர் காத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நாகரத்தினத்துக்கு உறைத்தது.

"என்ன சொன்னா? மறுபடி முற்றத்துல விடறாளாமா பசங்கள?"

"ஃபைலே இல்லங்கறாங்க டீச்சர்."

"ஓ."

அடுத்த வீட்டு வாசலில் யாரோ விஜயாவுக்கு இனிப்போடு வந்து மணியடிப்பதும், வாங்கோ வாங்கோ என்று வங்காளத்தில் அழைப்பதும் கேட்டது. டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு திண்டுக்கல் பூட்டைச் சாவியோடு எடுத்து அவர் கையில் வைத்தார்.

"போறச்ச கதவ வெளியில பூட்டிட்டுப் போங்கோ. இனிமே யாரையும் பாக்க வேண்டாம். தம்பிகிட்ட இன்னொரு சாவி இருக்கு. யாராவது விஜயாவுக்கு வந்தா, ஆள் இல்லைன்னு திரும்பிப் போகட்டும்."