இருபது தடவை

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கிராமச் செவிலியராகப் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். என் வாய்க்குப் பூட்டுப் போட இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. வெள்ளைப்படுதல், காப்பர் டி, ஆணுறை, எதுவானாலும் டீக்கடை வாசலிலேயே நின்று பேசுவேன். நான் ஸ்கூட்டியை நிறுத்தினால் ஆம்பளைகள் பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு பெண்ணைக் கொன்றிருப்பேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு மகள்கள். இரண்டாவது பிரசவத்தில்தான் அவளுக்கு இதயக் கோளாறு இருப்பது தெரிந்தது. அன்று பிழைத்ததே பெரும்பாடு. “இன்னொரு கர்ப்பம் வந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இவங்க வயித்துல கத்தி வைக்கவும் எனக்குத் தைரியம் இல்ல” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார்க்காரியோ பேரன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மிச்சம் இருந்தது புருஷன்தான்.

அவர் மஞ்சளும் தக்காளியும் போடுகிற விவசாயி. தங்கமான மனுஷன். நான் நாலு நடை நடந்ததில், ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, அவருடைய அம்மாவுக்குத் தெரியக்கூடாது. ஐப்பசியில் ஒருநாள், எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பத்து நிமிஷ வேலை, தையல்கூடக் கிடையாது. வெளியே வந்தவர், “இவ்வளவுதானாக்கா? இதுக்கா எங்கூர்ல கடா வெட்டற மாதிரி பேசறானுங்க?” என்றார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். இந்த ஆபரேஷன் முடிந்த ஆணிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பே கிளம்பிவிட்ட உயிரணுக்கள் உள்ளே குழாயில் மிச்சம் இருக்கும். இருபது தடவையாவது விந்து வெளியேறினால்தான் குழாய் காலியாகும். அதுவரை உறை போட வேண்டும், மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வர வேண்டும். எத்தனையோ பேரிடம் ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அன்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “நீங்க எனக்குக் கூடப் பொறந்த அக்கா மாதிரி” என்று கண்கலங்கிவிட்டார். கூடப் பிறந்த தம்பியிடம் இருபது தடவை என்று எப்படிச் சொல்வது? நாக்கு ஒட்டிக்கொண்டது. உறைப் பொட்டலத்தைக் கையில் திணித்து, “மூணு மாசம் இதைப் போடுங்க தம்பி. அப்புறம் டெஸ்டுக்கு வந்துடுங்க” என்பதோடு முடித்துக்கொண்டேன்.

“இதெல்லாம் எதுக்குங்கக்கா? மூணு மாசமும் நான் அவ கிட்டவே போகமாட்டேன். ஐயப்பனுக்கு மாலை போட்டுடறேன்” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “பொண்டாட்டிக்காக இப்படி ஒரு ஆம்பளையா!” என்று மெய்சிலிர்த்துப் பாராட்டி அனுப்பினேன். மடச்சி!

ஊரில் கார்த்திகைக்கு மாலை போடுகிறவர்களுக்கு முன்பே இவர் கறுப்பு வேட்டியில் திரிந்தார். மற்றவர்கள் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகும் இவர் கழற்றவில்லை. வழியில் பார்த்தால், “சாமி சரணம்” என்று எனக்கும் ஒரு கும்பிடு. அவருடைய அம்மா கோவில் குழாயடியில் பீற்றிக்கொண்டார்: “பேரன் வேணும்னுதான் எம் பையன் இப்பிடிக் கெடையா கெடக்கறான்!”

தை முடிந்ததும் தாடியை மழித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். “மாலையக் கழட்டிட்டு நேரா வர்றேனுங்கக்கா. டெஸ்டு முடிஞ்சாத்தான் வூட்டுக்கு.” முகத்தில் அவ்வளவு வெளிச்சம். சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து விவரம் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து, துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் தூக்கிவந்தார்.

லேப் பையன் பார்த்துவிட்டு வந்து, “நிறைய இருக்கே மேடம்” என்றான்.

“நிறையவா? ஏன் தம்பி, அந்த உறையெல்லாம் தீந்துச்சா?”

“பொட்டலத்தப் பிரிக்கவே இல்லைங்கக்கா. மூணு மாசமும் தனியாப் பாயி போட்டு வெளியதான் படுத்தேன்.”

அப்போதுதான் என் மடத்தனம் எனக்குப் புரிந்தது. சோதனைக்கு வராமலே போகிறவர்கள் எத்தனை பேர்! இந்த மனுஷனும் அப்படி நேராக வீட்டுக்குப் போயிருந்தால்? மூன்று மாதம் முடிந்தது, இனிப் பயமில்லை என்று அவளும் நம்பியிருப்பாளே!

“ஆபரேஷன் பெயிலாக்கா?” என்றார்.

“ஆபரேஷன் நல்லாத்தான் இருக்கு. பெயிலானது நான்தான். தம்பி, கெணத்து மோட்டார நிறுத்திட்டீங்க. பைப்புல நிக்கற தண்ணி என்னாகும்?”

“கடைசி வால்வத் தொறந்து வுட்டாத்தானுங்களே வடியும்?”

“நீங்க மூணு மாசமா வால்வ மூடிக்கிட்டுச் சாமி கும்பிட்டிருக்கீங்க.”

அவர் மெதுவாக, “எத்தன தடவ தொறக்கணுங்கக்கா?” என்றார்.

“இருபது. ஒவ்வொண்ணுக்கும் உறை போட்டு.”

“இருபதா! அப்ப நான் இருந்த வெரதம்?”

“சாமி கணக்குல ஏறியிருக்கும். ஆஸ்பத்திரி கணக்குல ஏறல.”

அவர் சிரிக்கவில்லை. “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே டப்பா, அதே துண்டு. ஆபரேஷன் அன்று பொட்டலம் கொடுத்தேன் அல்லவா, அது போதாமல் நடுவில் ஒருதடவை வந்து வாங்கிப்போனார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இந்த முறை லேப் பையன் கட்டைவிரலை உயர்த்தினான். ஒன்றுகூட இல்லை. ஒன்றுமில்லை என்று எழுதிய காகிதத்தை வாங்கி ஒரு ஆம்பளை தேம்பித் தேம்பி அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மாதம் சின்னவளுக்குத் தடுப்பூசி விவரம் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாமி அலமாரியில் ஐயப்பன் படம், அதன்மேல் கழற்றிய மாலை, பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம். நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடக் கடவுளே! எங்கள் லேப் ரிப்போர்ட்.

“எம் பையன் வெரதம் இருந்ததுக்குக் கெடச்ச காயிதம் நர்சம்மா” என்றார் மாமியார், கற்பூரத் தட்டோடு. “இங்கிலீசுல இருக்குது, எனக்கு என்ன தெரியும். பேரன் பொறக்கோணும்னு தெனமும் காட்டறேன்.”

சமையல்கட்டு வாசலில் மருமகள் நின்றிருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு எனக்குக் காட்டுகிற சாக்கில் கிட்ட வந்து, காதோடு சொன்னாள்:

“சின்னவ பொறந்ததுக்கு அப்புறம் இப்பத்தான்க்கா ராத்திரியில பயமில்லாம தூங்கறேன்.”

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமியாரிடம் சொல்ல என் நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. விழுங்கிவிட்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.